வெண்கோலின் நுனியில் தொடங்கும் பாதை: பார்வையற்றோரும் நடக்கும் இயற்கைப் பாதைக்கு ஓர் அறிமுகம்

ஓர் இயற்கைப் பாதையைப் பார்வையற்றோருக்கும் உகந்ததாக்கலாம் என்று முடிவானதும், பெரும்பாலும் முதலில் நடக்கும் வேலை பிரெய்ல் (விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளியெழுத்து) பலகைகளுக்குச் சொல்லிவைப்பதுதான். பலகைகள் வந்து சேரும், மரத்துக்கு ஒன்றாக நடப்படும். ஆனால் கண் தெரியாத ஒருவர் அந்தப் பலகை எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? பாதையிலிருந்து இரண்டடி தள்ளிப் புல்லுக்குள் நிற்கும் பலகை அவரைப் பொறுத்தவரை இல்லாத பலகை.

வேலையைக் காலடியிலிருந்து தொடங்க வேண்டும். தடுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும்வரை மனம் அடுத்த அடியிலேயே நிற்கும். தலைக்கு மேல் கூவும் குயில் காதில் ஏறாது. நடை தன்பாட்டில் வரத் தொடங்கிய பிறகே காதும் மூக்கும் விரலும் காட்டின் பக்கம் திரும்பும். பல்புலன் பாதை என்று சொல்வதன் அடிப்படை இதுதான். மணச்செடிகளும் ஒலிப்பெட்டிகளும் அதற்குப் பிறகு வருபவை.

யாருக்காக அமைக்கிறோம்?

பார்வையற்றோர் என்றதும் முழு இருட்டை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வெளிச்சம், நிழல், நிறம், பொருளின் விளிம்பு என்று ஏதோ ஒன்று தெரிபவர்களே அதிகம். ஒருவருக்கு நடுப்பார்வை மறைந்து ஓரங்கள் மட்டும் தெரியும். இன்னொருவருக்குக் குழாய் வழியே பார்ப்பதுபோல நடு மட்டும் தெரியும். வெயிலில் நன்றாகப் பார்ப்பவர் மர நிழலுக்குள் நுழைந்ததும் சில நிமிடங்களுக்கு எதையும் காண முடியாமல் நிற்பதும் உண்டு. வயதான பிறகு பார்வை குறைந்தவர்களில் பிரெய்ல் கற்றவர்கள் மிகக் குறைவு. அதனால் எந்தத் தகவலையும் தொட்டு அறியவும், கேட்டு அறியவும், பெரிய எழுத்தில் படிக்கவும் மூன்று வழியிலும் வைப்பதே நியாயம். பிரெய்ல் அந்த மூன்றில் ஒரு பகுதி மட்டுமே.

1967-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆஸ்பென் நகருக்கு அருகே, ஒயிட் ரிவர் தேசியக் காட்டில் கயிற்றைப் பிடித்தபடி நடக்கும் பிரெய்ல் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜப்பானின் ஒகயாமா நகரில், சேய்ச்சி மியாகே உருவாக்கிய புடைப்புக் கற்கள் முதன்முதலாகச் சாலையில் பதிக்கப்பட்டன. இன்று ரயில் நிலைய நடைமேடைகளில் காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் கற்கள் அவற்றின் வழிவந்தவை. ஒன்று கைக்கு வழி சொன்னது, மற்றது காலுக்கு. நல்ல இயற்கைப் பாதைக்கு இரண்டும் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உள்ள கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவின் பிரெய்ல் பாதை 470 மீட்டர்தான். முதல் முயற்சிக்கு அதுபோன்ற நீளம் போதும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் ஒரு வளையம், அதில் எட்டு முதல் பன்னிரண்டு நிறுத்தங்கள். நீளத்தைக் கூட்டுவதைவிட இருக்கும் தூரத்தைச் செம்மையாகச் செய்வது மேல்.

தரை

தரை இறுகியிருக்க வேண்டும், மிதித்தால் அசையக் கூடாது. உருண்டைக் கூழாங்கல் காலடியில் உருளும். பார்வையற்றோர் தரையைத் தட்டி நடக்கும் வெண்கோல் தளர்ந்த மணலில் புதையும். உயர்ந்த புல் கோலின் நுனியைப் பிடித்திழுக்கும். காட்டுக்குள் சிமென்ட் போட மனமில்லாதவர்களுக்கு நல்ல வழி, கல்தூளோடு கலந்த உடைகல். 10 மி.மீ.க்கு மிகாத உடைகல்லைத் தூளோடு சேர்த்து, இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துத் திமிசு போட்டு இறுக்கினால் 10 செ.மீ. கனத்தில் உறுதியான தரை கிடைக்கும். உடைந்த கல்லின் முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால்தான் அது அசைவதில்லை.

அகலம் 1.5 மீட்டர் இருந்தால் வழித்துணையோடு இருவர் சேர்ந்து நடக்கலாம், 1.2 மீட்டருக்குக் கீழே போக வேண்டாம். ஏற்றம் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவுக்குள் நின்றால் சக்கர நாற்காலிக்கும் அதே பாதை பயன்படும். பக்கவாட்டுச் சரிவைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் வடிய அது கொஞ்சம் தேவை. ஆனால் 100-க்கு 5 என்பதைத் தாண்டினால், கண்ணால் திசையைச் சரிபார்க்க முடியாதவர் தன்னை அறியாமலே பள்ளப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போவார். மரப்பலகை நடைபாலம் வருமிடத்தில் பலகைகளை நடக்கும் திசைக்குக் குறுக்கே அடிக்க வேண்டும், இடைவெளி 12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நெடுக்காக அடித்தால் கோலின் நுனி இடைவெளிக்குள் சிக்கி, பிடி வயிற்றில் குத்தும்.

படிகள் இல்லாமல் இருப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் எல்லாப் படிகளும் ஒரே உயரம், ஒவ்வொரு படியின் முனையிலும் 5 செ.மீ. அகலத்தில் பளிச்சென்று வேறுபடும் நிறப்பட்டை, முதல் படிக்கு ஓரடி முன்பே காலுக்குத் தெரியும் வேறு தரை.

ஓரமும் கயிறும்

வெண்கோலை அறிந்தவர் பாதையின் நடுவைத் தேடுவதில்லை. ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போவார். ஓரம் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 10 செ.மீ. விட்டமுள்ள உருளைக் கட்டைகளைப் பாதை நெடுகப் படுக்க வைப்பது எளிய முறை. கோல் அதில் மோதும்போது 'டக்' என்று வரும் ஓசையே எல்லையைச் சொல்லிவிடும். கட்டையை மண்ணோடு ஒட்டிப் புதைத்தால் மழைநீர் பாதையிலேயே தேங்கும்; அடியில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு முளையடித்து நிறுத்துங்கள். தண்ணீர் வெளியேறும், கோல் நுனி நுழையாது. சருகு அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும் என்பதால் அவ்வப்போது தள்ளிவிட ஆள் வேண்டும்.

கயிறு ஓரத்துக்கு மாற்றல்ல, துணை. கோல் நடையில் தேர்ந்தவர்கள் பலர் கயிற்றைத் தொடவே விரும்பமாட்டார்கள். புதிதாகப் பார்வை இழந்தவருக்கும், குழந்தைகளுக்கும், தனியாக நடந்து பழகாதவருக்கும் அது பெரிய தைரியம்.

கயிறு கட்டுவதில்தான் தவறுகள் அதிகம். தேங்காய்நார்க் கயிறு பார்க்க அழகு. ஐம்பது மீட்டர் கை சறுக்கி நடந்தால் உள்ளங்கை எரியும், மழையில் ஊறி மட்கியும் போகும். நைலான் ஈரத்தில் நீண்டு தொய்ந்துவிடும். 16 முதல் 20 மி.மீ. கனமுள்ள பாலியெஸ்டர் முறுக்குக் கயிறு வெயிலையும் மழையையும் ஓரளவு தாங்கும், கைக்கும் இதம். உயரம் தரையிலிருந்து 90 செ.மீ. கம்பங்கள் இரண்டு மீட்டருக்கு ஒன்று. கயிற்றைக் கம்பத்தின் நடுவே துளைத்துக் கோத்தால் ஒவ்வொரு கம்பத்திலும் விரல் இடிபடும். பாதைப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தாங்கியில், கை தடையின்றி வழுக்கிச் செல்லும்படி கீழிருந்து பிடிக்கச் செய்ய வேண்டும். இருபது மீட்டருக்கு ஒருமுறை இழுத்து முறுக்கும் திருகு வைத்தால் தொய்வை அங்கேயே சரிசெய்யலாம். இன்னொன்று: எறும்புகளுக்குக் கயிறு நல்ல நெடுஞ்சாலை. காலையில் ஒருமுறை துணியால் துடைத்துக்கொண்டே நடந்துவிடுவது நல்லது.

கயிற்றில் கோத்த மரமணிகள் பேசும். ஒரு மணி என்றால் பலகை, இரண்டு என்றால் இருக்கை, மூன்று என்றால் திருப்பம் அல்லது தரை மாற்றம். இதற்கு மேல் சேர்த்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. மணி, சொல்ல வந்த இடத்துக்கு ஒரு மீட்டர் முன்பே வர வேண்டும். வலக்கையில் கோல் பிடிப்பவருக்குக் கயிறு இடப்பக்கம் இருந்தால் வசதி. இடக்கைப் பழக்கமுள்ளவர் வளையத்தை எதிர்த்திசையில் சுற்றினால் அதே கயிறு அவருக்கு வலப்பக்கம் வந்துவிடும். ஆகவே மணிகளை ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னும் பின்னும் கோக்க வேண்டும். நுழைவாயிலில் ஒரு முழக் கயிறும் மூன்று வகை மணிகளும் தனியாகத் தொங்கவிட்டால், புறப்படும் முன் விரல் பழகிக்கொள்ளும்.

இடுப்புக்கு மேலே

கோல் தரையைச் சொல்லும், முகத்தைக் காக்காது. தாழ்ந்த கிளைதான் இந்தப் பாதைகளில் மிகப் பெரிய ஆபத்து. தலைக்கு மேல் குறைந்தது 2.1 மீட்டர் வெளி வேண்டும், வெட்டும்போது 2.5 மீட்டர் வரை வெட்டுங்கள், ஏனென்றால் மழையில் நனைந்த கிளை கனத்துத் தாழும். இரண்டு கால்களில் நிற்கும் அறிவிப்புப் பலகையும் இதே வகைப் பொறி. கோல் இரண்டு கால்களுக்கும் நடுவே போய்விடும், பலகை நெஞ்சில் இடிக்கும். அதன் கீழ் விளிம்போ ஒரு குறுக்குக் கட்டையோ தரையிலிருந்து 68 செ.மீ.க்குள் இருந்தால் கோல் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும்.

குறைபார்வை உள்ளவர்களுக்கு இலைகளின் வழியே விழும் வெயில்புள்ளிகள் தொந்தரவு. தரையில் புள்ளி நிழல் விழுமிடத்தில் பள்ளமும் நிழலும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் படி, திருப்பம் போன்றவை அடர்நிழலிலோ முழு வெளிச்சத்திலோ வரும்படி பாதையைத் திருப்புவது நல்லது.

நின்று அறிய ஓர் இடம்

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தரை மாற வேண்டும். உடைகல் பாதையில் ஒன்றரை மீட்டருக்கு மரப்பலகையோ தட்டைக் கல்லோ வந்தால் காலும் கோலும் உடனே உணரும். கோலின் ஓசையும் மாறும். "தரை மாறினால் நின்று, கயிற்றுக்கு எதிர்ப்பக்கம் திரும்புங்கள்" என்று நுழைவாயிலிலேயே சொல்லிவிட்டால் பலகையைத் தேடும் வேலை யாருக்கும் இல்லை. நடுவழியில் ஒரு பலகை கயிற்றுப் பக்கம் மாறினால் இந்த ஏற்பாடே குலைந்துவிடும்.

பலகையின் முன்விளிம்பு 80 செ.மீ. உயரத்தில், பின்பக்கம் சற்று உயர்ந்து சாய்மேசைபோல இருக்க வேண்டும். செங்குத்தாகச் சுவரில் பதித்த பிரெய்லைப் படிக்க மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டியிருக்கும். நான்கு வரிக்குள் கை வலித்துவிடும். பிரெய்ல் அச்செழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும். எனவே ஐம்பது சொல்லுக்குள் முடியுங்கள், மீதியை ஒலிக்கு விடுங்கள்.

பிரெய்லில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். வடிவமைப்பாளர்கள் அதை எழுத்துருபோல நினைத்து, "எல்லோருக்கும் தெரியட்டும்" என்று பெரிதாக்கிவிடுவார்கள். ஆறு புள்ளிகளும் ஒரே நேரத்தில் விரல்நுனிக்குள் அடங்கினால்தான் அது எழுத்து. புள்ளிக்கும் புள்ளிக்கும் ஏறத்தாழ 2.5 மி.மீ., அடுத்த எழுத்துக்கு 6 மி.மீ.க்குச் சற்று மேல், புள்ளியின் உயரம் அரை மி.மீ.க்குக் குறையாமல். தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சில் 'க்' என்பதன் புள்ளி எழுத்தின் தலையில் அமர்கிறது; இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் அந்தப் புள்ளிக்குரிய குறி எழுத்துக்கு முன்னால் வரும். பிரெய்ல் தெரியாதவர் தட்டச்சு செய்து அனுப்பியதை அப்படியே பதித்தால் மெய்யெழுத்தெல்லாம் இடம் மாறிவிடும். பதிக்கும் முன் பிரெய்ல் வாசிப்பவர் ஒருவர் விரலால் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். பலகையைத் தலைகீழாகப் பொருத்தாமல் இருக்கவும் அவரையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகத் தகடு உச்சி வெயிலில் விரலைச் சுடும். நிழலில் வையுங்கள், அல்லது உலோகம் வேண்டாம். பெரிய எழுத்துகள் அடர்நிறப் பின்னணியில் வெளிர்நிறத்திலோ, மாறாகவோ, பளபளப்பில்லாத பரப்பில் இருக்கட்டும். படத்தின் மேல் எழுத்தை ஏற்ற வேண்டாம்.

ஒலி விளக்கத்துக்குக் க்யூஆர் குறியீடு ஒட்டுபவர்கள், அது இருக்குமிடத்தைக் கை அறிய வழி செய்ய வேண்டும்: சுற்றிலும் மேடான சட்டம், எல்லாப் பலகையிலும் அதே வலது கீழ்மூலை. அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் பல மீட்டர் பிசகும். "இப்போது வலப்பக்கம் திரும்புங்கள்" என்று ஜிபிஎஸ்ஸை நம்பிச் சொல்லும் செயலி ஆபத்தானது. திருப்பத்தைச் சொல்வது தரையின் வேலை. காட்டுக்குள் சிக்னல் இருக்காது என்பதால் ஒலிக்கோப்புகளை வாயிலிலேயே இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். போன் இல்லாதவருக்குக் கையால் சுழற்றினால் பேசும் பெட்டி நல்லது. மின்கலம் தீர்ந்துபோகும் கவலை இல்லை.

ஒலியில் என்ன சொல்வது? முதலில் நிற்குமிடமும் திசையும், அடுத்து கைக்கு எட்டுவது, பிறகு காதுக்கு எட்டுவது, கடைசியில் தகவல். ஓர் அரசமரத்துக்கு இப்படி எழுதலாம்:

"நீங்கள் மரப்பலகைமேல் நிற்கிறீர்கள். கயிறு உங்கள் முதுகுப்பக்கம். வலக்கையை நேரே, நெஞ்சுயரத்தில் நீட்டுங்கள். இது அரசமரத்தின் அடிமரம். பட்டை பெரும்பாலும் வழவழப்பு. ஆங்காங்கே செதில் விரலில் தடுக்கும். கையை எடுக்காமல் மேலே கேளுங்கள். சிறு காற்றுக்கே இந்த இலைகள் சலசலக்கும். ஏன் என்று அறிய, இடப்பக்கத் தட்டில் உள்ள இலையை எடுங்கள். காம்பு நீளமாக, மெலிந்து இருக்கிறது. இலையின் நுனி வால்போல நீண்டிருக்கிறது. காம்பை மட்டும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்."

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். "கம்பீரமான மரம்", "கண்ணைக் கவரும் பசுமை" போன்ற சொற்கள் இங்கே எதையும் தருவதில்லை. அந்தத் தட்டில் தினமும் புது இலை வைப்பதுதான் இந்த நிறுத்தத்தின் உயிர்.

காது, மூக்கு, விரல்

பதிவு செய்த பறவை ஒலியை ஓயாமல் ஓடவிடும் பாதைகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது உண்மையான பறவையை மறைக்கும். எதிரொலியையும் ஓசையையும் கொண்டு இடத்தை அறிபவரின் திசையுணர்வையும் கெடுக்கும். மூங்கில் உரசுவது ஓர் ஓசை, சவுக்குத்தோப்பில் காற்று இரைவது இன்னோர் ஓசை. இந்த வேறுபாடு கேட்குமிடத்தில் ஓர் இருக்கை போட்டாலே போதும். ஓடையோரம் அமைத்தால் நீரின் ஓசையே திசைகாட்டி. ஆனால் அருவி இரைச்சலுக்குப் பக்கத்தில் திருப்பமோ விளக்கமோ வைக்கக் கூடாது. பறவைகளைக் கேட்க விடியற்காலையே நேரம், ஆகவே வாயில் அப்போதே திறந்திருக்க வேண்டும்.

மணத்துக்கு முதல் விதி, ஒன்றுக்கொன்று இடைவெளி. எலுமிச்சைப்புல்லும் துளசியும் திருநீற்றுப்பச்சையும் ஒரே பாத்தியில் இருந்தால் மூன்றும் கலந்து ஒன்றும் புரியாது. பத்து மீட்டர் தள்ளி நடுங்கள். மூக்கு ஒரு மணத்துக்குப் பழகி மரத்துப்போகும் என்பதால் நடுவில் வெறும் நடை தேவை. பூவைவிடக் கசக்கினால் மணக்கும் இலை நம்பகமானது: பூ சில வாரங்களே இருக்கும், மல்லிகை போன்றவை மாலையில்தான் விரியும். நட்டுவைக்க முடியாத மணமும் உண்டு. மழைக்குப் பின் எழும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற சேர்மம். மனித மூக்கு அதை மிக மிக நுண்ணிய அளவிலேயே கண்டுகொள்ளும். ஒரு நிறுத்தத்தில் மண்ணை வெறுமனே விட்டு, தண்ணீர்ப் பூவாளி ஒன்றை வைத்தால் கோடையிலும் அதை முகரலாம்.

தொடுதலில் பாதுகாப்புதான் முதல். "தொட்டுப் பாருங்கள்" என்று அழைத்துவிட்டால் கை எங்கெல்லாம் எட்டுமோ அங்கெல்லாம் நம் பொறுப்பு. எருக்கம்பால் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் எஞ்சிய பார்வைக்கும் கேடு வரும். அரளி முழுவதும் நஞ்சு. பூனைக்காலிக் காயின் சுணை பட்டால் தாங்க முடியாத அரிப்பு. இவையும் முட்செடிகளும் ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் இருக்கக் கூடாது. மரத்தில் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நூறு கைகள் தொட்டால் பாசி உதிர்ந்துவிடும், மென்செடி வாடும். ஒரே வகைச் செடியில் மூன்றை வளர்த்து முறைமாற்றித் தொடவிடுங்கள். காட்டில் தொட முடியாததற்கு மாதிரி போதும்: விலங்கின் காலடியை இயல்பான அளவில் வார்த்த அச்சு, உதிர்ந்த கூடு, விதைகள். பெரிய யானையைச் சிறு பொம்மையாக வைப்பதென்றால் பக்கத்தில் அதே விகிதத்தில் ஒரு மனித உருவமும் வேண்டும். இல்லையென்றால் விரலுக்கு அளவு தெரியாது.

வாயிலில் வைக்கும் தொடுவரைபடம் இரு கைகளையும் விரித்தால் எட்டும் அகலத்துக்குள், பாதை, ஓடை, இருக்கை, நிறுத்தம் என்று நான்கைந்து குறிகளோடு இருந்தால் போதும்.

யாரை வைத்துச் சோதிப்பது?

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தோம் என்பது சோதனை ஆகாது. கண் கட்டியவரிடம் பயம் மட்டும் இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் பழகிய கோல் நடையும் காதுத் திறனும் இல்லை. அவர் தேவையற்ற இடத்தில் கைப்பிடி கேட்பார், தேவையான இடத்தைத் தவறவிடுவார். முழுப் பார்வையின்மை உள்ளவர், குறைபார்வை உள்ளவர், வழிகாட்டி நாயோடு வருபவர் என்று குறைந்தது ஐந்தாறு பேரை, வரைபடம் போடும் நாளிலேயே கூலி கொடுத்து அழைக்க வேண்டும். கம்பங்களை முதலில் தற்காலிகமாக நட்டு அவர்கள் நடந்த பிறகே சிமென்ட் ஊற்ற வேண்டும். எங்கே தயங்கினார்கள், எங்கே கோலை இரண்டாம் முறை தட்டினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களே திருத்தப் பட்டியல்.

பணியாளர்களுக்கு அரைநாள் பயிற்சி போதும். வருபவரைப் பிடித்து இழுக்கக் கூடாது, "என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு முழங்கையை நீட்ட வேண்டும். அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து அரையடி பின்னால் வருவார். பாதை குறுகினால் வழித்துணை தன் கையை முதுகுக்குப் பின் கொண்டுபோனால் அவருக்குப் புரிந்துவிடும். கோலைத் தொடக் கூடாது. வழிகாட்டி நாய் வேலையில் இருக்கும்போது கொஞ்சக் கூடாது. அதற்குத் தண்ணீரும் ஒதுங்க ஓர் இடமும் வாயிலருகே தேவை.

திறந்த பிறகு

இத்தகைய பாதைகள் கெடுவது பெரும்பாலும் பராமரிப்பில். வாரம் ஒருமுறை ஒருவர் கோலோடு முழு வளையத்தையும் நடந்து, சருகு மூடிய ஓரத்தைத் தள்ளி, நீண்ட கிளையை வெட்டி, தொய்ந்த கயிற்றை முறுக்கி, பலகையில் விழுந்த பறவை எச்சத்தைக் கழுவ வேண்டும். எச்சம் காய்ந்த பிரெய்லை யாரும் படிக்க முடியாது. பெருமழைக்கு மறுநாள் அந்த நடை முடியும்வரை பாதையைத் திறக்க வேண்டாம். நடுவழியில் மரம் விழுந்து அடைத்திருந்தால் அங்கே எச்சரிக்கை நாடா கட்டுவது பயன்படாது. தகவல் தொலைபேசிப் பதிவிலும் வாயிலிலும் குரலாக இருக்க வேண்டும், அடைப்புக்கு முந்தைய நிறுத்தத்திலேயே குறுக்காக ஒரு தடுப்பு, அடிக்கட்டை தரையோடு ஒட்டியபடி, கோல் தட்டும் உயரத்தில் நிற்க வேண்டும்.